பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள்

தம்பி,

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் புதன்கிழமை போனிலேயே கேட்டுவிட்டேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால் அதை மறுபடி எழுதவில்லை. லீவுக்கு வந்த உன் மகள் நாளைக் காலையில் கிளம்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. கிழவி மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. பஸ்ஸில் வரும்போதே அவள் படிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் உன் பெண்டாட்டிக்கும் உனக்கும் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். பிறகு போட்டோ எடுத்து, நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற அந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். பதினோரு வருசத்துக்கு முன்னால் ஒரு பொய்யைப் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அதைத் திருப்பி எடுக்கிறதும் பத்துப் பேர் முன்னால்தான் நடக்க வேண்டும்.

புது டிராக்டருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கோச்சடையில் உன் வீட்டு வாசலில் நீ நிற்கிற படத்தைப் பார்த்தேன். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறானே என்று முதலில் பயந்தேன். படத்தில் உன் முகத்தைப் பார்த்த பிறகு பயம் பாதி அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு இங்கே வருவேன், அப்பா விட்டுப்போன டிரெய்லரை மாட்டுவேன், திங்கட்கிழமையிலிருந்து நெல் மூட்டை ஏற்றப் போகிறேன் என்று சொன்னாய். டிரெய்லர் வயருக்கு என்னடா செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், என் ஞாபகத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

"அதுக்கென்னம்மா, புது வண்டியில சாக்கெட்டு வேற மாதிரி இருக்கு. ஆன்லைன்ல அடாப்டர் வாங்கிட்டேன். ஒரு பக்கம் வண்டியில சொருகணும், மறுபக்கம் டிரெய்லர் பிளக்கச் சொருகணும். சோலி முடிஞ்சது."

பின்னால் உன் பெண்டாட்டி குரல் கேட்டது. "எந்த ஓட்டையில எந்த லைட்டு வருதுன்னு பாத்துட்டு மாட்டுங்கங்க." அதற்கு நீ, "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்? பிளக்கு கச்சிதமாப் பொருந்துது" என்று சொல்லிச் சிரித்தாய். நான், "விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட ஒரு தடவ காட்டேன்டா" என்றேன். "யாருகிட்ட? அந்தக் காசிப் பயகிட்டயா? மாமா கால ஒடிச்சவன்ல அவன்? அவனத் தவிர யார்கிட்ட வேணாலும் காட்டுறேன்" என்றாய்.

அந்தப் பேச்சு உன்னுடையது இல்லை. விபத்து நடந்தபோது நீ திருப்பூரில் இருந்தாய், எதையும் கண்ணால் பார்க்கவில்லை. காசியைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. என் கோபத்தை உனக்கு ஊட்டி வளர்த்திருக்கிறேன். உனக்குத் தெரியும், நான் எதையும் லேசில் விடுகிறவள் இல்லை. உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் போனதற்கு இன்றைக்கும் அவள் வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. உன் பெண்டாட்டி வந்த புதிதில் எனக்குச் சர்க்கரை இல்லாமல் காப்பி கொடுத்ததை மூன்று வருசம் மனதில் வைத்திருந்தேன். டாக்டர்தான் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதானே தெரிந்தது. ஆனால் அதெல்லாம் சில்லறைக் கோபம். காசி மேல் வைத்தது அப்படி இல்லை.

காசி அப்போது மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக வயரிங் கடை வைத்திருந்தான். லாரி, டிராக்டர் எல்லாம் பார்ப்பான். உங்கப்பாவை அண்ணே என்பான், என்னை மதினி என்பான். டிரெய்லர் பட்டறையிலிருந்து புதிதாக வந்திருந்தது. அதற்கு லைட் போட அவனை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார் உங்கப்பா. டிராக்டரில் சொருகுகிற பிளக்கிலிருந்து ஒரு கொத்து வயர் வந்தது. டிரெய்லரிலிருந்து இன்னொரு கொத்து வயர் வந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவன் வைத்திருந்த டெஸ்ட் பல்பு மட்கார்டிலிருந்து உருண்டு விழுந்து உடைந்துவிட்டது. ஒரு பல்பில் இரண்டு வயர் தொங்கும், அதைத் தொட்டுத்தான் எந்த வயரில் கரண்ட் வருகிறது என்று கண்டுபிடிப்பான். "மதினி, நான் போயி வேற பல்பு எடுத்துட்டு வாரேன். யாரும் இதத் தொடாதீக" என்றான்.

நான் கேட்டேன், "எதுக்கு இம்புட்டு அலைச்சல்? ரெண்டு பக்கமும் பச்ச, மஞ்ச, செவப்புன்னு கலர் கலராத்தான இருக்கு? பச்சையில பச்சய முடிஞ்சு விட வேண்டியதுதான?"

அவன் சிரித்தான். "ஜாக்கெட்டுக்கு நூல் எடுக்குற மாதிரி நெனச்சீகளா மதினி?" களத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு நான் தைத்த ஜாக்கெட்தான் உடம்பில் கிடந்தது. அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் யாருடையது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்வேன். அவன் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், சொல்லவில்லை. அவன் தப்பு அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் என் தப்பு.

போனவன் வரவில்லை. கடையில் வேறு வண்டி வந்து நின்றுவிட்டதாம். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காய்ந்த நெல் எல்லாம் மூட்டையாகிக் களத்தில் கிடக்கிறது. அதை மழைக்கு முன்னால் கொள்முதல் நிலையத்தில் சேர்க்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் மழை பயம், ஒரு பக்கம் அந்தச் சிரிப்பு. பெரிய வித்தையா இது என்று உட்கார்ந்தேன். அரிவாள்மணையில் வயரின் மேல்தோலைச் சீவினேன். பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்குச் சிவப்பு, வரிசையாக முறுக்கினேன். ஒட்டுவதற்கு டேப் இல்லை. காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி இருந்தது, அதைச் சுற்றினேன். அது நிற்காது என்று அன்றைக்கு மிஷினில் கோத்திருந்த ரோஸ் நூலை அதன் மேல் இறுக்கிச் சுற்றினேன். பிளக்கைச் சொருகி, டிராக்டர் மேல் ஏறி இண்டிகேட்டர் சுவிட்சைத் தள்ளிவிட்டு, இறங்கிப் பின்னால் ஓடி வந்து பார்த்தேன். ஒரு லைட் மினுக் மினுக் என்று எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே! எரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

உங்கப்பா வந்து, "காசி முடிச்சிட்டானா?" என்று கேட்டார். "ம், முடிஞ்சது" என்றேன். நான்தான் போட்டேன் என்று சொன்னால் கழற்றச் சொல்வார். மூட்டை ஏறியது. வண்டி கிளம்பியது. உன் மாமா பின்னாலேயே டிவிஎஸ்ஸில் போனான், இறக்குவதற்கு ஒத்தாசையாக. கொள்முதல் நிலையத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். உங்கப்பா ஒழுங்காக வலது இண்டிகேட்டர் போட்டிருக்கிறார். டிரெய்லரில் இடது பக்கம் மினுக்கியிருக்கிறது. மச்சான் இடது பக்கம் ஒதுங்கி நிறுத்தப் போகிறார் என்று நினைத்து மாமா வலது பக்கமாக முந்தினான். உங்கப்பா வலது பக்கம் ஒடித்தார். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாமாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் போனது, இன்றைக்கும் அவன் படி ஏறுகிறபோது எண்ணி எண்ணித்தான் ஏறுகிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் சொந்தம் எல்லாம் கூடி நின்றது. லைட் மாறி எரிந்ததை ரோட்டில் இருந்தவர்கள் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். "யாரு வயர் போட்டது?" என்று கேள்வி வந்தது. உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால்கூடப் பாதிப் பாவம்தான். அந்த நேரம் காசி பதறிப்போய் உள்ளே வந்தான். "இந்தா வாரான்ல, அரையுங்குறையுமாப் போட்டுட்டு ஓடிப்போனவன்" என்று நான் கத்தினேன். காசி என்னையே பார்த்தான். அவன் பேசாமல் நின்றதையே குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மேலூர் பஸ் ஸ்டாண்டில், அவன் கடை வாசலில் வைத்து, உங்கப்பா அவனைக் கைநீட்டி அடித்தார். மேலூர்ப் பக்கத்து வண்டிகள் அவனிடம் போவதை நிறுத்திக்கொண்டன. ஆறு மாதத்தில் கடையை மூடிவிட்டு, பெண்டாட்டி ஊரான அவனியாபுரத்துக்குப் போய்விட்டான்.

உங்கப்பா அந்தப் பிளக்கை அன்றைக்குக் கழற்றியவர்தான், முடிச்சை உற்றுப் பார்க்கவுமில்லை, பிறகு தொடவுமில்லை. சுருட்டி டிரெய்லர் கொக்கியில் கட்டிவிட்டு, கடைசி வரைக்கும் பகலில் மட்டும் ஓட்டினார். காசிதான் செய்தான் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருசமும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தவன்தானே, படட்டும் என்று அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். கோபம் கொஞ்சம் ஆறினால் பொய் வெளியே தெரிந்துவிடும், அதனால் ஆறவிடவில்லை.

புதன்கிழமை உன் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. டிரெய்லரைப் போய்ப் பார்த்தேன். சுருட்டிக் கட்டிய வயரைப் பிரித்தேன். பிளாஸ்திரி கறுத்துப்போயிருக்கிறது, ரோஸ் நூல் வெளுத்துப்போயிருக்கிறது, முடிச்சு மட்டும் நான் போட்டது போட்டபடி இருக்கிறது. உன் அடாப்டர் அதன் மேல்தான் ஏறப் போகிறது. அது கச்சிதமாகப் பொருந்தும். இண்டிகேட்டரும் எரியும். திங்கட்கிழமை மூட்டையோடு நீ வலது பக்கம் திரும்புகிறபோது இடது பக்கம் எரியும். உன் பின்னால் வருகிறவன் யார் பெற்ற பிள்ளையோ.

மறுநாளே கிளம்பினேன். முதலில் உன் மாமா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காலைத் தடவிக்கொண்டான். பிறகு, "ஏக்கா, அன்னைக்கு நானும் ஹாரன் அடிக்காமத்தான முந்துனேன்" என்றான். அம்புட்டுத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மன்னிச்சிட்டயாடா?" என்று கேட்டேன். "போக்கா அங்கிட்டு. கால் வலிக்கிறப்பல்லாம் ஒன்னய நெனச்சுக்கிறேன்" என்றான். அது கேலியா, நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டும் இருக்கும்.

அங்கிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணி, இன்னொரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ என்று அவனியாபுரம் போய்ச் சேர்ந்தேன். காசிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். என் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான் போல. வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க மதினி. பதினோரு வருசமாச்சு" என்றான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்கு வார வழியில வண்டியப் பாத்துட்டுத்தான் வந்தேன். எந்த எலெக்ட்ரீசியன் மதினி பிளாஸ்திரி சுத்தி, அது மேல ரோஸ் நூல் சுத்துவான்?"

"பெறகு ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா? படிக்காத பொம்பள மேல பழியத் தூக்கிப் போடுறான்னு இன்னும் ரெண்டு அடி சேத்து விழுந்திருக்கும். நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேன். ஒரு வாரம், ஒரு மாசம்னு பாத்தேன். கடையக் காலி பண்ணுன அன்னைக்குக்கூட ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவனுக்குக் கோபம் இருந்தது தம்பி. இல்லாமல் எப்படி இருக்கும்? டீ வாங்கிக் கொடுத்தான், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. கலர் ஒன்றாக இருந்தும் ஏன் மாறி எரிந்தது என்று நான் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னான். டிராக்டர் கம்பெனிக்காரன் ஒரு கணக்கு வைத்துக் கலர் போட்டிருப்பான். டிரெய்லர் பட்டறைக்காரன் கையில் அன்றைக்கு எந்த வயர் கிடந்ததோ அதை இழுத்து விட்டிருப்பான். டிராக்டரில் பச்சை வலது பக்கம், நம் டிரெய்லரில் பச்சை இடது பக்கம். கலரை நம்பவே கூடாதாம். முதலில் டிராக்டர் சாக்கெட்டில் ஒவ்வொரு ஓட்டையாக டெஸ்ட் பல்பை வைத்து, எதில் இடது, எதில் வலது, எதில் பிரேக் என்று குறிக்க வேண்டும். பிறகு டிரெய்லர் வயர் ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து எந்த லைட் எரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் சேர்க்க வேண்டும். அடாப்டர் என்பது வாயை மட்டும்தான் பொருத்தும், உள்ளே எது எதோடு சேர்கிறது என்று அது பார்ப்பதில்லையாம். எர்த் வயரையும் பெயின்ட் சுரண்டிய இரும்பில் முடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் எரிந்து கூத்தடிக்கும் என்றான். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதை அவனே சொன்னான். "அன்னைக்கு உங்களப் பாத்துச் சிரிச்சிருக்கக் கூடாது மதினி."

வந்து வயரைச் சரி செய்து கொடு என்று கேட்டேன். "நீங்க கூப்பிட்டதுக்கு வரமாட்டேன்" என்றான். "உங்க மகன்ட்ட உண்மையச் சொல்லுங்க. அவன் வந்து கூப்பிடட்டும், வாரேன்."

அதனால்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக இங்கே வராதே. முதலில் அவனியாபுரம் போ. விமான நிலையத்துக்குப் போகிற ரோட்டில் காசி வயரிங் கடை என்று கேட்டால் சொல்வார்கள். என் பேரைச் சொல்லாதே, உன் பேரைச் சொல்லி, "சித்தப்பா, வாங்க" என்று கூப்பிடு. உங்கப்பாவை அண்ணே என்றவன் உனக்குச் சித்தப்பாதான். உன் வண்டியிலேயே பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டி வா. சுற்றுச்சாலையில் திரும்பிக் குறுக்கே வந்துவிடாதே. மேலூர் பஸ் ஸ்டாண்டு வழியாகவே வா. அவன் அடி வாங்கின இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பேரும் டீ குடியுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். யாராவது கேட்டால், எங்கம்மா செய்த தப்புக்கு இவர் பேர் கெட்டது என்று சொல். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று மென்று முழுங்காதே.

இன்னொன்று. உன் பெண்டாட்டி போனில் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், சிரிக்காதே. நீ சிரித்த சத்தம் எனக்கு இங்கே வரைக்கும் கேட்டது. அவள் என்னைப் போல வன்மம் வைக்கிறவள் இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் நீ அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அவளையும் கூட்டி வா. மாமாவும் வருகிறேன் என்றான், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். காசிக்குக் கருவாடு ஆகாது, பதினோரு வருசம் ஆனாலும் அது எனக்கு மறக்கவில்லை. அவனுக்குத் தனியாக முட்டைக் குழம்பு.

என் முடிச்சை நானே அவிழ்க்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். பிறகு வைத்துவிட்டேன். காசி வந்து எல்லோர் முன்னாலும் வெட்டட்டும், எது எதோடு சேர்ந்திருந்தது என்று நீங்களும் பாருங்கள். அவன் வயரைச் சேர்த்த பிறகு ஒரு ஆள் வண்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொரு லைட்டாகப் போட வேண்டும், இன்னொரு ஆள் டிரெய்லருக்குப் பின்னால் நின்று பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எந்த வண்டியையும் ரோட்டில் இறக்கமாட்டானாம். வண்டி மேல் நீ உட்கார். பின்னால் நிற்க ஆள் தேட வேண்டாம். எனக்குப் போன வருசம்தான் கண் ஆபரேஷன் ஆனது, நன்றாகத் தெரிகிறது. இந்தத் தடவை எரிகிறதா என்று மட்டும் பார்க்க மாட்டேன். எந்தப் பக்கம் எரிகிறது என்று பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன்.

உன் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கும்

அம்மா